டீமன் ஸ்லேயரின் இசை யாருடையது? யூகி கஜியுராவைப் பற்றி ஓர் ஐயம்

பழைய கேசட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்குபடங்களைப் பார்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே என் கேள்வி உங்களில் பலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். டீமன் ஸ்லேயர் என்ற தொடரின் முதல் பருவத்தை முடித்த கையோடு அதற்கு இசையமைத்தவர் யார் என்று தேடினேன். யூகி கஜியுரா, கோ ஷீனா என இரண்டு பெயர்கள் இருந்தன. என்னை அந்தத் தொடருக்குள் இழுத்து வந்ததே 'குரெங்கே' என்ற தொடக்கப் பாடல்தான் என்பதால், அதை இயற்றியவர் இவ்விருவரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டு, கஜியுராவின் பழைய படைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். ஒரு வாரம் கேட்டும் குரெங்கேயைப் போல ஒன்றுகூட அகப்படவில்லை. அந்தத் துடிப்பான ராக் இசைக்குப் பதிலாக, உயரமான கூரையின் கீழ் பலர் சேர்ந்து பாடுவது போன்ற குரல்களும், நிற்காமல் ஓடும் வயலின்களும், எந்த மொழி என்றே பிடிபடாத சொற்களும்தான் இருந்தன. பிறகுதான் தெரிந்தது, குரெங்கேயின் மெட்டு கயோகோ குசனோ என்ற வேறொருவருடையது என்று.

நம் ஊர்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது குழப்பமாக இருக்கிறது. இங்கே இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர் வந்தால், பாடல்களும் பின்னணி இசையும் பெரும்பாலும் அவருடையவை என்றே எடுத்துக்கொள்வோம். அங்கே அப்படி இல்லையென்றால், கஜியுராவின் வேலை சரியாக எதுவரை? அவரைச் சில இடங்களில் இசையமைப்பாளர் என்றும், சில இடங்களில் தயாரிப்பாளர் என்றும் குறிப்பிடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? அந்தப் புரியாத மொழி எது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஐந்தாம் கட்டை எழுதியது:

கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று. பத்து ஆண்டுகளாக அனிமே பார்ப்பவர்களே குரெங்கேயைக் கஜியுராவின் கணக்கில் எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேக்குத் தனியொருவர் பணம் போடுவது அரிது. மூலக்கதையை வெளியிட்ட பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், பொம்மை நிறுவனம், இசைத்தட்டு நிறுவனம் எனப் பலர் கூடித் 'தயாரிப்புக் குழு' ஒன்றை அமைத்து முதலீட்டையும் வரவையும் பகிர்ந்துகொள்வார்கள். இசைத்தட்டு நிறுவனம் அந்தக் குழுவில் உட்காருவதற்கு ஒரு காரணம், தொடக்கத்திலும் நிறைவிலும் வரும் ஏறக்குறைய 90 வினாடி நேரம். அந்த நேரம் தன் பாடகரின் புதிய இசைத்தட்டுக்கு வாரந்தோறும் கிடைக்கும் விளம்பரம். டீமன் ஸ்லேயரில் முதலீடு செய்தவை அனிபிளெக்ஸ், ஷூயேஷா பதிப்பகம், யூஃபோடேபிள் படக்கூடம் ஆகிய மூன்று மட்டுமே. அவற்றில் அனிபிளெக்ஸ் சோனி மியூசிக்கின் கிளை. குரெங்கேயைப் பாடிய லிசாவும் சோனியின் பாடகர். எனவே அந்தப் பாடல் வேறு மேசையில், வேறு ஆட்களால் உருவானது. அதன் சொற்களை லிசாவே எழுதினார்.

பின்னணி இசை இன்னொரு மேசை. தொலைக்காட்சித் தொடர்களில் படம் வரைந்து முடிவதற்கு முன்பே, ஒலி இயக்குநர் ஒரு நீண்ட பட்டியலை இசையமைப்பாளரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். தங்கையை நினைத்து வருந்தும் இடத்துக்கு ஒன்று, வாளை உருவும் இடத்துக்கு ஒன்று, வேடிக்கையான உரையாடலுக்கு இரண்டு என்று அந்தப் பட்டியல் நீளும். அதற்கேற்ப இசைத் துண்டுகளை எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், எந்தத் துண்டு எந்தக் காட்சியில் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் ஒலி இயக்குநர். தான் எழுதியது எங்கே வைக்கப்பட்டது என்பதை இசையமைப்பாளர் ஒளிபரப்பில்தான் அறிந்துகொள்வதும் உண்டு. நம் ஊரில் ஓடும் படத்தைப் பார்த்துப் பார்த்து ரீல் ரீலாகப் பின்னணி இசை சேர்க்கும் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இனி கஜியுராவுக்கு வருகிறேன். இந்த இரண்டு மேசைகளிலும் அமர்ந்தவர் என்பதே அவருடைய தொழில்வாழ்க்கையின் தனித்தன்மை. 1965இல் தோக்கியோவில் பிறந்து, தந்தையின் பணி காரணமாகப் பள்ளிப் பருவத்தின் ஒரு பகுதியை மேற்கு ஜெர்மனியில் கழித்தவர். படிப்பு முடிந்ததும் கணினி நிரலாளராக வேலை பார்த்தார். 1992இல் அதை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். பாடகி சியாகி இஷிகாவாவோடு அவர் தொடங்கிய 'சீ-சா' என்ற குழு 1993இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அது பாப் இசைக் குழு. அனிமேக்கும் அதற்கும் அப்போது தொடர்பில்லை. பெரிய வெற்றியும் இல்லை. 1995இல் குழு ஓய்வுக்குப் போனது. கஜியுரா திரைப்படங்களுக்கும் அனிமேக்கும் பின்னணி இசை எழுதப் போனார்.

திருப்பம் கோய்ச்சி மஷிமோ என்ற இயக்குநரால் வந்தது. 1997இல் 'ஈட்-மேன்' தொடரில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிறகு மஷிமோ தொடங்கிய பீ டிரெயின் படக்கூடத்தில் 2001இல் 'நுவார்' வந்தது. இரண்டு பெண் கொலையாளிகளின் கதை. துப்பாக்கிச் சண்டைகளுக்கு வழக்கமான அதிரடி இசைக்குப் பதிலாக, லத்தீன் சொற்களைக் கோரஸாகப் பாடவைத்து அதற்கடியில் நடன அரங்கத் தாளத்தை ஓடவிட்டார் கஜியுரா. மஷிமோவோ அந்த இசையைப் பின்னணியில் ஒளித்துவைக்கவில்லை. வசனத்தைக் குறைத்து, பாத்திரங்கள் வெறுமனே நடந்து போகும் காட்சிகளில்கூடப் பாடலை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். 'இவ்வளவு உரத்த பின்னணி இசையா?' என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தொடரிலும் தொடக்கப் பாடல் அலி புராஜெக்ட் என்ற வேறு குழுவினுடையது. இரண்டு மேசைகளும் அப்போதும் தனித்தனிதான்.

அவை ஒன்றானது 2002இல், மஷிமோவின் 'டாட் ஹேக் சைன்' தொடரில். சீ-சா மீண்டும் கூடி, தொடக்கப் பாடலையும் நிறைவுப் பாடலையும் பாடியது. பின்னணி இசையும் கஜியுராவே. போதாததற்கு, பின்னணி இசைக்குள்ளேயே எமிலி பிண்டிகர் என்ற அமெரிக்கப் பாடகியை வைத்து ஆங்கிலப் பாடல்கள் பலவற்றைப் பதிவு செய்து சேர்த்தார். ஒரு தொடரின் இசை முழுவதும் ஒரே ஆளின் காதில் பிறந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே சான்று. அதே ஆண்டு 'குண்டம் சீட்' தொடரில் கதை தலைகீழ்: பின்னணி இசை தோஷிஹிகோ சஹாஷியுடையது, முதல் நிறைவுப் பாடல் மட்டும் சீ-சாவுடையது. பொதுமக்களிடையே அக்குழுவின் பெயரைப் பரவலாக்கிய பாடல் அது.

தயாரிப்பாளர் என்ற சொல்லுக்கு இங்கே பணம் போடுபவர் என்று பொருள் கொள்ள வேண்டாம். மெட்டு, சொற்கள், இசைக்கோவை மூன்றையும் தானே எழுதி, எந்தக் குரல் எந்த வரியைப் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடவே நின்று பாடலை முடித்துக் கொடுப்பவர் என்பதே பொருள். 'ஃபிக்‌ஷன்ஜங்ஷன்' என்பது அவர் இப்படிப் பலவகைக் குரல்களோடு வேலை செய்வதற்கு வைத்துக்கொண்ட பெயர். 2007 டிசம்பரில் யூஃபோடேபிள் 'காரா நோ கியோகாய்' என்ற ஏழு படங்களின் வரிசையைத் தொடங்கியபோது, அவற்றின் பாடல்களுக்கென்றே 'கலஃபினா' என்ற பெண்கள் குழுவை அவர் உருவாக்கினார். ஏழு படங்களுக்கும் ஏழு தனித்தனிப் பாடல்கள். டீமன் ஸ்லேயர் எடுத்த அதே படக்கூடம் அது என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தின் பேரில்தான் 2019இல் அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

ஆகவே உங்கள் தொடரில் குரெங்கே அவருடையது அன்று. நிறைவுப் பாடலாக வரும் 'ஃப்ரம் தி எட்ஜ்' அவருடையது. பாடியவர் அதே லிசா. 19ஆம் பகுதியின் இறுதியில் வந்து எல்லோரையும் அழவைத்த, கதாநாயகன் தஞ்சிரோவின் பாடல் கோ ஷீனாவுடையது. அதைப் பலர் கஜியுராவினுடையது என்று நம்பிக்கொண்டிருப்பது ஷீனாவுக்கு நாம் செய்யும் அநியாயம்.

---

மழைக்கால வாசகர் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் மொழியைப் பற்றிய கேள்வியை எனக்காக விட்டுவைத்தது போலத் தெரிகிறது.

அது எந்த மொழியும் அன்று. ரசிகர்கள் அதைக் 'கஜியுரா மொழி' என்று அழைக்கிறார்கள். மெட்டுப் போடும்போதே வாயில் வரும் ஒலிகளை முனகிக்கொண்டு போவதாகவும், மெட்டு முடியும் நேரத்தில் அந்த ஒலிகள் அதோடு ஒட்டிப்போய்விடுவதாகவும், பிறகு அந்த இடத்தில் பொருளுள்ள சொற்களை வைத்தால் பொருந்தாமல் போவதாகவும் அவர் விளக்கியிருக்கிறார். நம்மிடையே இதைப் புரிந்துகொள்வது எளிது. இசையமைப்பாளர் 'தனன தானன' என்று தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். கவிஞர் அந்த அளவுக்குச் சொல் வைப்பார். கஜியுரா தத்தகாரத்தையே பாடலாக நிறுத்திக்கொள்கிறார். வேறுபாடு என்னவென்றால், அவருடைய தத்தகாரம் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழிபோல ஒலிக்கும்படி அமைந்துவிடுகிறது.

இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. 'மடோகா மாஜிகா' தொடர் 2011இல் வந்தபோது, மஞ்சள் நிற உடையணிந்த மாமி என்ற பாத்திரம் பழங்கால நீள்துப்பாக்கிகளைச் சுழற்றிச் சண்டையிடும் காட்சியில் ஒரு பாடல் வரும். தலைப்பைப் பார்த்தால் 'நீதியை நம்புபவள்' என்பது போல லத்தீனில் இருந்தது. நான் ஒரு நோட்டை எடுத்து, பாடலை நான்கு நான்கு வினாடியாக நிறுத்தி, காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, லத்தீன் அகராதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டினேன். ஒரு சொல் அகப்பட்டால் அடுத்த மூன்று சொற்கள் அகப்படவில்லை. தலைப்பு மட்டுமே லத்தீன்; பாடப்படுவது அவருடைய வாய் தந்த ஒலி என்பது பிறகுதான் தெரியவந்தது. நுவாரில் வரும் லத்தீன், இத்தாலியப் பாடல்கள் உண்மையாகவே அந்தந்த மொழிகளில் இருப்பதால் ஏமாறுவது இன்னும் எளிது.

இன்னொரு வேடிக்கை 2004இல் வந்த 'மட்லாக்ஸ்' தொடர். கதாநாயகி துப்பாக்கியைக் கையில் எடுக்கும் போதெல்லாம் யூகா நன்ரி பாடிய ஒரு பாடல் தொடங்கும். அதில் 'யன்மானி, யன்மானி' என்று கோரஸ் திரும்பத் திரும்ப வரும். பொருள் ஏதுமில்லை. ஆனால் அந்தச் சொல் கேட்டுவிட்டால் அவள்மீது ஒரு குண்டும் படாது என்பது ரசிகர்களின் கேலியாகிவிட்டது. பொருளற்ற சொல் ஒன்று கதைக்குள் மந்திரமாக மாறிய விந்தை இது.

ஆனால் மொழியைவிட முக்கியம் குரல்களை அவர் அடுக்கும் விதம் என்பேன். ஹெட்ஃபோனை அணிந்துகொண்டு கலஃபினாவின் ஏதேனும் ஒரு பாடலைக் கேளுங்கள். கேய்கோவின் தாழ்ந்த குரல் தரையாக நிற்கும். வகானாவின் உயர்ந்த குரல் எங்கோ மேலே மிதக்கும். ஹிகாருவின் குரல் நடுவே கூர்மையாகக் கதை சொல்லும். பல்லவிக்கு வரும்போது ஒவ்வொருவரும் பலமுறை பாடிய பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பதால், மூவர் பாடுவது முப்பது பேர் பாடுவது போலக் கேட்கும். சிறு வயதில் இசைநாடகப் பாடல்களில் ஈடுபாடு கொண்ட தந்தை பாட, அவருக்குப் பியானோ வாசித்தபடி வளர்ந்தவர் கஜியுரா. மனிதக் குரலை முதலில் கேட்டுவிட்டு மற்றக் கருவிகளை அதற்குப் பிறகு சேர்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

---

வடக்கு ரத வீதி எழுதியது:

மரியாதையோடு சற்று மாறுபடுகிறேன். கஜியுராவின் இசை எனக்கும் பிடிக்கும்; ஆனால் இந்த இழையில் அவரைக் குறையே இல்லாதவர்போல எழுதிவருகிறீர்கள். 2001 முதல் ஒரு பத்தாண்டுக் காலப் படைப்புகளை வரிசையாகக் கேட்டால், தாழ்ந்த தந்திக் கருவிகளின் சுழற்சி, அதன்மேல் ஒரு பெண் குரல், பிறகு கோரஸ், பிறகு முரசு என்ற அதே படிக்கட்டில் திரும்பத் திரும்ப ஏறுவது தெரியும். 2012இல் 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' வந்தபோது, கதாநாயகன் வாளைத் தூக்குவதற்கு முன்பே அடுத்து வரப்போகும் கோரஸை என்னால் சொல்ல முடிந்தது. தனித்த பாணிக்கும் பழகிய தடத்துக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது.

அவருடைய மிகச் சிறந்த வேலை அதற்குப் பிறகு வந்தது என்பது என் கருத்து. காரணம், அவர் தனக்கெனத் தேர்ந்து பழக்கிய குரல்களை விட்டு, ஏற்கெனவே தமக்கென்று ஓர் அடையாளம் கொண்ட பாடகர்களுக்கு எழுதத் தொடங்கியதுதான். 2018இல் அவர் தான் சார்ந்திருந்த கலைஞர் மேலாண்மை நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். அவரையே நம்பியிருந்த கலஃபினா அதற்குப் பின் நிலைக்கவில்லை; 2019 மார்ச்சில் கலைந்ததாக அறிவித்தார்கள். பத்தாண்டு உழைப்பில் எழுந்த குழு அப்படி முடிந்தது ரசிகர்களுக்குப் பெரிய அடி. இன்றும் சிலர் அதைப் பேசினால் குரல் கம்முகிறது. ஆனால் அதே காலத்தில்தான் 'ஃபேட்' அனிமே வரிசையின் 'ஹெவன்ஸ் ஃபீல்' முப்படத்துக்கு, 2017, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில், எமே என்ற பாடகிக்காக மூன்று பாடல்களை அவர் எழுதினார். எமேயின் குரல் மூச்சும் கரகரப்பும் கலந்தது; கோரஸுக்குள் கரைத்துவிடக்கூடிய குரல் அன்று. அதனால் கஜியுரா தன் படிக்கட்டை விட்டு இறங்கியாக வேண்டியிருந்தது. இரண்டாம் படத்தின் பாடலில் கெஞ்சலும் அச்சுறுத்தலும் ஒரே வரியில் வந்து போகின்றன. சாகுரா என்ற பாத்திரத்தின் மனநிலையை அதைவிடக் கச்சிதமாகப் படமே சொல்லவில்லை. இவை தொலைக்காட்சித் துண்டுகளைப்போலப் பட்டியலுக்கு எழுதப்பட்டவை அல்ல. பாடலும் பின்னணி இசையும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதால், படத்தின் நடுவே வரும் மெட்டு முடிவில் பாடலாகத் திரும்பிவரும்.

'ஹோமுரா' பாடலைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. டீமன் ஸ்லேயரின் 'முகென் ரயில்' படம் 2020 அக்டோபரில் வந்தது. ஜப்பானியத் திரையரங்குகளின் வசூல் வரலாற்றிலேயே முதலிடத்துக்குப் போனது. அதன் நிறைவுப் பாடலுக்கு மெட்டும் இசைக்கோவையும் கஜியுரா; சொற்களை அவரும் லிசாவும் சேர்ந்து எழுதினார்கள். அந்த ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டு விருதுகளில் முதன்மை விருதை டிசம்பர் 30 அன்று அந்தப் பாடல் பெற்றது. அதில் புரியாத மொழியும் இல்லை, கோரஸ் மாளிகையும் இல்லை. 'விடைபெறுகிறேன், நன்றி' என்ற பொருளுள்ள இரண்டு எளிய சொற்களில், பியானோவை ஒட்டிய குரலில் தொடங்குகிறது. ரெங்கோகு என்ற பாத்திரத்தின் மரணத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கஜியுரா ஏழு வயதில் இயற்றிய முதல் பாடல், பாட்டியிடம் விடைபெறுவதற்காக எழுதியது என்று படித்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாடே பாடிய பாடலும் விடைபெறும் பாடலாகவே அமைந்தது எனக்குப் பிடித்த செய்தி.

---

ஐந்தாம் கட்டை எழுதியது:

வடக்கு ரத வீதி நண்பரின் குறையில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' இசையில் புதுமை குறைவுதான். ஆனால் படிக்கட்டு ஒன்றே என்ற வாதத்துக்கு 2014இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் காலைத் தொடரான 'ஹனாகோவும் ஆனும்' விலக்கு. வீட்டு வேலைகளுக்கு நடுவே மக்கள் தினமும் பதினைந்து நிமிடம் பார்க்கும் தொடருக்கு அவர் எழுதிய இசையில் வெயிலும் காற்றும் இருக்கின்றன. மட்லாக்ஸை எழுதியவரா இவர் என்று கேட்கத் தோன்றும். பழைய குரல்களை விட்டுவிட்டார் என்பதும் முழு உண்மை அன்று. 2024 ஜனவரியில் 'குண்டம் சீட் ஃப்ரீடம்' படம் வந்தபோது, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீ-சாவின் புதிய பாடல் அதன் நிறைவுப் பாடலாக வந்தது. இஷிகாவாவின் குரல் சற்றுக் கனத்திருந்தது. பாடலுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

---

பழைய கேசட் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு கேள்விக்கு இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னதற்குப் பிறகு டீமன் ஸ்லேயரின் நிறைவுப் பாடலை மீண்டும் கேட்டேன். லிசாவின் குரலுக்குப் பின்னால் கோரஸ் எழுந்து வருவது முன்பு என் காதில் விழவே இல்லை. பகுதி முடிந்ததும் அடுத்த பகுதியைச் சொடுக்கிவிடும் பழக்கத்தால் அந்தப் பாடலை ஒவ்வொரு முறையும் பாதியில் வெட்டியிருக்கிறேன். நேற்றிரவு 'டாட் ஹேக் சைன்' முதல் நான்கு பகுதிகளைப் பார்த்தேன். உண்மையிலேயே பாத்திரங்கள் பேசாமல் நிற்கிறார்கள், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடர் மெதுவாகத்தான் நகர்கிறது. இசை இல்லாவிட்டால் இரண்டாம் பகுதியிலேயே எழுந்துபோயிருப்பேன். இன்று காலை நுவார் பாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, இது எந்தத் தேவாலயத்துப் பாட்டு என்று கேட்டார். துப்பாக்கிச் சண்டைக்கு வரும் பாட்டு என்று சொன்னேன், நம்பவில்லை. மாமியின் பாடலுக்கு மழைக்கால வாசகர் எழுதிய நோட்டு இன்னும் கைவசம் இருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.